பஞ்சு உருட்டிய இரவுகள்

கண்ணாடி சிரிஞ்சுக்கும் அதன் பிஸ்டனுக்கும் ஒரே எண் பொறித்திருக்கும் என்பதை அறிந்த தலைமுறை நாங்கள். 20 நிமிடம் கொதித்த ஸ்டெரிலைசரிலிருந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தில் ஆவி அடிக்க, இந்தக் குழலுக்கு இந்தப் பிஸ்டன் என்று ஜோடி சேர்ப்பதற்குள், வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பயத்திலேயே காய்ச்சல் விட்டிருக்கும். எண் மாறிவிட்டால் பொருத்தம் பார்க்காமல் முடித்த கல்யாணம் மாதிரி, ஒன்று உள்ளேயே நுழையாது, நுழைந்தால் மருந்தெல்லாம் பின்பக்கமாக ஒழுகும். ஊசி முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்போம். இழை சிக்கினால் முனை மடங்கிவிட்டது, கல்லில் தீட்ட வேண்டும் என்று பொருள். இதைச் சொன்னால் இன்றைய மாணவி என்னை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி.யும் படித்த பெண், அப்படிப் பார்ப்பது நியாயம்தான்.

முதலாண்டில் ‘ஃபண்டமென்டல்ஸ்’ பாடத்தைத் திறந்ததும் உடல், உயிர் பற்றிய மகா ரகசியங்கள் வரப்போகின்றன என்று காத்திருந்த எனக்கு டியூட்டர் முதலில் சொல்லிக்கொடுத்தது படுக்கை விரிப்பது. ஆள் இல்லாத படுக்கை, ஆள் படுத்திருக்கும் படுக்கை, ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்கு, எலும்பு முறிந்தவருக்கு, இதய நோயாளிக்கு என்று அதில் இத்தனை வகை உண்டென்று, வீட்டில் பாயைக் காலால் உருட்டித் தள்ளிவிட்டு எழுந்துவந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? விரிப்பின் மூலையை 45 டிகிரியில் மடித்துச் செருக வேண்டும், தலையணை உறையின் வாய் வார்டு வாசலைப் பார்க்கக் கூடாது, கட்டில் சக்கரமெல்லாம் ஒரே திசையில் திரும்பியிருக்க வேண்டும், ரப்பர் மெக்கின்டாஷ் மேல் டிராஷீட் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருக்க வேண்டும். மேட்ரன் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில், “ஐயா, கொஞ்ச நேரம் அசையாமப் படுங்க, புண்ணியமாப் போகும்” என்று நாங்கள் கெஞ்ச, வயிற்றுவலிக்காரர்கூட விரிப்புக்கு மரியாதை கொடுத்து விறைத்துக் கிடப்பார். மேட்ரன் வராந்தா திரும்பியதும் வார்டே ஒருசேரப் புரண்டு படுக்கும். சுருக்கம் தோலில் அழுந்தி உராய்ந்தால் படுக்கைப்புண்ணுக்கு வழி என்ற காரணம் அதற்குள் இருந்தது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. அதுவரை மேட்ரனின் கண்ணுக்காகவே உலகம் மடிப்புக் கலையாமல் இருப்பதாக நம்பியிருந்தேன். இப்போது எலாஸ்டிக் வைத்த விரிப்பு வந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் மாட்டலாம், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

படுக்கைப்புண் வராமலிருக்க நாங்கள் செய்த உபசாரம் இன்னொரு கதை. சாயங்காலமானால் வார்டு முழுக்க ஸ்பிரிட்டும் பவுடரும் மணக்கும். முதுகு, இடுப்பின் கீழெலும்பு, குதிகால் என்று அழுந்துகிற இடமெல்லாம் வட்டவட்டமாகத் தேய்த்துவிடுவோம். தோல் எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே இன்னும் அக்கறையாக. அந்தத் தேய்ப்புக்கு மதிப்பெண் உண்டு, எனக்கு நல்ல மதிப்பெண். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, அடியில் நொந்திருக்கும் திசு மேலும் நொந்துபோகும். ஸ்பிரிட் தோலை வறளவைக்கும். நாங்கள் பெருமையோடு ஊதிவைத்த ரப்பர் வளையமும் சுற்றிலும் அழுத்தத்தைக் கூட்டும் என்று இன்றைய பாடம் சொல்கிறது. ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. எல்லாம் சரி, ஆனால், “இன்னும் கொஞ்சம் மேலே, தாயி” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அந்தப் பெரியவர்களுக்கு இந்தத் திருத்தத்தை யார் போய்ச் சொல்வது?

கை கழுவிய அழகையும் சொல்லிவிட வேண்டும். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ், குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் செய்து பிரசவ வார்டில் சாவுகளைக் குறைத்துக் காட்டினார் என்று காலையில் வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு, பத்து மணிக்கு வார்டு வாசலில் வைத்திருக்கும் ஒரே லோஷன் பேசினில் பெரிய டாக்டர் முதல் நாங்கள் வரை அத்தனை பேரும் கையை முக்கி, ஒரே துண்டில் துடைத்துக்கொண்டு, சுத்தமானோம் என்ற பூரிப்போடு அடுத்த கட்டிலுக்குப் போனோம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கை கழுவ வேண்டிய தருணங்கள் ஐந்து என்று வகுத்துக்கொடுத்தது. கட்டில்தோறும் மருந்துக் குப்பி வந்தது, 20 முதல் 30 நொடி தேய்த்தால் போதும். துண்டு ஓய்வுபெற்றதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் பஞ்சு உருட்டிய இரவுகளுக்குத்தான். நைட் டூட்டியில் வார்டு அடங்கியதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காஸ் துணியை வெட்டுவோம். வெட்டிய ஓரம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும், நூல் பிரிந்து புண்ணில் ஒட்டக் கூடாது. பஞ்சு உருண்டைகளைப் பிடித்து டிரம்மில் அடுக்கி, பக்கவாட்டுத் துளைகளைத் திறந்து வைத்தால், 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி நீராவி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்த மேசையில்தான் யாருக்கு வரன் வந்தது, யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை, எந்த ஹவுஸ் சர்ஜன் யாரிடம் பேனா இரவல் கேட்டார் என்பதெல்லாம் அலசப்பட்டது. மயக்கம் தெளியாத நோயாளிக்குக்கூட எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்திருக்கும். இன்று எல்லாம் பாக்கெட்டில் கிருமி நீக்கி வருகிறது. கிழித்தால் போதும். மிச்சமான நேரத்தைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது.

நாடியும் அப்படித்தான். கட்டைவிரலுக்குச் சொந்தத் துடிப்பு உண்டென்பதால் அதை விலக்கி, மற்ற மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து, நொடிமுள்ளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணுவோம். எண்ணி முடித்தும் கையை விடக் கூடாது. நாடி பார்ப்பதுபோலவே பாவனை செய்துகொண்டு, கடைக்கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சே மாறிவிடும் அல்லவா? எங்களுக்குச் சட்டபூர்வமாகக் கற்பிக்கப்பட்ட ஒரே ஏமாற்று வேலை அது. கை பிடிபட்டிருக்கும் அந்த நேரத்தில்தான், மகன் பார்க்க வராதது, விற்ற மாடு, தூக்கம் வராத இரவு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கணக்குத் தப்பும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம். இப்போது விரலில் ஒரு கிளிப்பைச் செருகிவிடுகிறார்கள். நாடி மட்டுமல்ல, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறது. நகத்தின் நீலம் பார்த்து நாங்கள் தட்டுத்தடுமாறி ஊகித்த விஷயம். அந்தக் கிளிப் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அதைத் திட்டவும் முடியவில்லை.

என் அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். நாங்கள் ஒருத்திமேல் ஒருத்தி பழகினோம். பச்சைத் தண்ணீரில் எனக்கு ஸ்பாஞ்ச் பாத் கொடுத்த தோழியால்தான் வெந்நீரின் அருமை தெரிந்தது. இவளுக்குப் பொம்மை. பொம்மை புதிதல்ல, 1911-லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைப் பள்ளியில் மிசஸ் சேஸ் என்ற பொம்மை நோயாளி இருந்தாள். ஆனால் இவளுடையது மூச்சு விடுகிறது, முனகுகிறது, பக்கத்து அறையிலிருந்து மேடம் மைக்கில் பேசினால் வாய்விட்டுப் பேசவும் செய்கிறது. தேர்வன்று அது, “தாகமா இருக்கும்மா, தண்ணி குடு” என்று கேட்டதாம்.

“குடுத்தியா?” என்றேன்.

“ஆபரேஷன் முடிஞ்ச கேஸ் அத்தை, வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு கேஸ் ஷீட்லயே போட்டிருக்கு. உதட்டை மட்டும் நனைச்சு விட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தேன்.”

“அதுக்கு மார்க் உண்டா?”

“அது செக்லிஸ்ட்லயே இல்ல அத்தை. கையைத் தொட்டதுக்கப்புறம் கை கழுவ மறந்துட்டேன்னு ஒரு மார்க்கைக் குறைச்சுட்டாங்க.”