எட்டு ஃபாக்டோரியல்

1995 வாக்கில் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில், கம்ப்யூட்டர் கற்க எந்தப் புத்தகம் நல்லது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்பதற்கு இரண்டு புத்தகமாவது வேண்டுமே. ஊருக்கே அன்று இரண்டு அடையாளம்தான்: ராமானுஜர் பிறந்த இடம், ராஜீவ் காந்தி இறந்த இடம். வெளியூர்க்காரர் இதில் எதை முதலில் சொல்கிறார் என்பதை வைத்து, அவர் கோயிலுக்குப் போகிறவரா, பேப்பர் படிக்கிறவரா என்று சொல்லிவிடுவோம். கார் செய்கிற ஊர், செல்போன் செய்கிற ஊர் என்ற பெருமையெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

மளிகைக் கடை ஒன்றின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். ஏ.சி. ரூம், தூசு ஆகாது, செருப்பை வாசலிலேயே விட வேண்டும். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்துக்கொண்டே மாலையில் அங்கே போனேன். பெரும்பாலான நாள் தியரி. லேப் என்பது வாரத்தில் ஒரு மணி நேரம், அதுவும் ஒரு மிஷினுக்கு மூன்று பேர். நடுவில் உட்கார்ந்தவனுக்குக் கீபோர்டு, இடது பக்கத்தவனுக்கு நோட்டு, வலது பக்கத்தவனுக்கு வேடிக்கை. கரண்ட் போனால் மூவரும் சமம்.

சார் வைத்திருந்தது ஒரே புத்தகம். பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரான இ. பாலகுருசாமி எழுதிய சி மொழிப் புத்தகம். பிரவுன் அட்டை போட்டு, பெயர் எழுதி, எங்கள் கை எட்டாத உயரத்தில் இருக்கும். அதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். பிறகு புரோகிராமை வரி வரியாக விரல் வைத்துப் படித்து, இப்போது ‘ஐ’க்கு என்ன மதிப்பு, ‘ஜே’க்கு என்ன மதிப்பு என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவோம். டிரை ரன் என்று பெயர். கரண்ட் தேவைப்படாத, மூன்று பேர் முட்டிக்கொள்ளாத ஒரே கம்ப்யூட்டர் அதுதான்.

சொந்தமாகப் புத்தகம் வேண்டுமென்றால் பட்டணம் போக வேண்டும். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளத்தில் ஒதுங்கியிருந்தன. அங்கே போய் சி புத்தகம் என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “எந்த காலேஜ்?” என்ன கற்கப் போகிறாய் என்பது அவருக்கு அநாவசியம், எந்தப் பரீட்சை என்பது போதும். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஆனால் புத்தகங்களைப் பற்றி அவருக்கு ஒரு அறிவு இருந்தது. எது அடிக்கடி திரும்பி வருகிறது, எந்த நிலையில் வருகிறது என்று அவருக்குத் தெரியும். எந்த விமர்சகருக்கும் இல்லாத தகுதி அது.

அவர் எடுத்துப் போட்டவை மூன்று. ஒன்று பாலகுருசாமி: பாடம், உதாரணம், பாட முடிவில் கேள்வி என்று நம் பரீட்சைக்காகவே பிறந்த புத்தகம், அடிக்கோட்டோடு திரும்பி வரும். இரண்டாவது யஷவந்த் கனேட்கரின் ‘லெட் அஸ் சி’. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்த நாக்பூர்க்காரர் அவர், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுவார். அந்தப் புத்தகம் முதுகு கிழிந்துதான் திரும்பி வரும், பல நேரம் வராது. மூன்றாவது கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதியது. ரிட்சி அந்த மொழியையே உண்டாக்கியவர். 1978இல் முதல் பதிப்பு, 1988இல் இரண்டாவது. மற்ற இரண்டின் அருகே வைத்தால் ஒல்லி. அதுதான் எப்போதும் புத்தம் புதிதாகத் திரும்பி வரும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. புரோகிராமிங்கே தெரியாதவனுக்கு இது ஆரம்பப் பாடம் அல்ல, மாறி, மடக்கு, ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு பழகியவனுக்கு எழுதியது என்று அந்த இருவரும் முன்பக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் முன்னுரை படிக்கிற வழக்கம் இல்லை. உண்டாக்கியவரே எழுதியது என்றால் ஆரம்பிக்க அதைவிட உத்தமமானது எது என்று தடபுடலாக வாங்கி, இரண்டாம் அத்தியாயத்தில் மூடி, மூன்றாம் மாதம் அல்லிக்குளத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் கனேட்கரை வாங்கினேன். பஸ்ஸில் பூந்தமல்லி வருவதற்குள் முதல் அத்தியாயம் முடிந்தது.

எங்கள் சார் இதையெல்லாம் சொகுசு என்பார். அவர் படித்தது வி. ராஜாராமன் புத்தகத்தில். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் வந்த ஐ.பி.எம். 1620 மிஷினில் ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்து, அந்தப் பாடங்களிலிருந்தே 1969இல் மாணவர் விலையில் புத்தகம் போட்டவர் ராஜாராமன். துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்துக் கிடந்த தலைமுறை அது. ஒரு கமா விட்டுப்போனால் மறுபடி வரிசை. “உங்களுக்கு உடனே தப்பு தெரிஞ்சுடுதே, அதான் புத்தி வளரலை” என்பார் சார்.

உடனே தெரிந்த தப்புகளில் ஒன்றை நான் மறக்கவில்லை. டர்போ சி. நீலத் திரை. ஃபாக்டோரியல் கண்டுபிடிக்கும் புரோகிராம். ஏழு கொடுத்தால் 5040, சரி. எட்டு கொடுத்தோம். 40320 வர வேண்டும். வந்தது மைனஸ் 25216. கீபோர்டுக்காரன் நோட்டுக்காரனைப் பார்த்தான், நோட்டுக்காரன் வேடிக்கைக்காரனைப் பார்த்தான். சார் வந்து சிரித்தார். தன் ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் ஒரு சுற்று முடிந்தால் மறுபடி பூஜ்யத்துக்கு வருவதைச் சொன்னார். டர்போ சியில் ஒரு முழு எண்ணுக்குப் பதினாறு பிட் இடம். அதில் மைனஸுக்குப் பாதி, பிளஸுக்குப் பாதி. 32767 வரை ஏறும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மைனஸ் 32768இல் போய் விழும். 40320இலிருந்து 65536ஐக் கழித்துப் பாருங்கள் என்றார். கழித்தோம். விடை சரியாகத் தப்பாக இருந்தது.

இந்தப் பாடத்தை எந்த வேலைக்கும் உதவாத ஞானம் என்று மூட்டை கட்டி வைத்தேன். வேலையும் வேறு பக்கம் வந்தது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998இல் சான்ட்ரோ வெளியே ஓடியது. 2006இல் நோக்கியா வந்து, 2014இல் கதவை மூடியது. ஒரகடத்தில் ரெனோ நிஸான் 2010, டெய்ம்லர் 2012, ராயல் என்ஃபீல்டு 2013. நெல் வயலாகவும் ஏரிக்கரையாகவும் நான் சைக்கிளில் கடந்த இடங்களுக்கு இப்போது கேட் நம்பர் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் மெயின்டனன்ஸில் சேர்ந்தேன். அங்கே கம்ப்யூட்டர் எது என்று தேடினேன். பேனலைத் திறந்து காட்டினார்கள். திரை இல்லை, கீபோர்டு இல்லை. சாம்பல் நிறப் பெட்டி, வரிசையாகக் குட்டி விளக்குகள். புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர், சுருக்கமாக பி.எல்.சி.

அதற்குப் புத்தகம் கேட்டேன். ஷிஃப்ட் எலெக்ட்ரிஷியன் ஒருவர் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தார். ஜப்பான்காரர் இங்கிலீஷில் எழுதிய மேனுவல், அதில் பதினேழாம் பக்கம் இல்லை. “அந்தப் பக்கம் தேவைப்படாதுப்பா” என்றார். தேவைப்படவும் இல்லை.

ஏனென்றால் அந்தப் பெட்டியின் மொழி படித்தவருக்காகச் செய்யப்பட்டதல்ல. 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குக் கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து வயர் மாற்றிக் கட்டியே மாளவில்லை. வயருக்குப் பதில் புரோகிராமை மாற்றினால் போதும் என்கிற பெட்டி ஒன்று கேட்டார்கள். டிக் மார்லியின் குழு மோடிகான் 084ஐச் செய்தது. பெட்டிக்கு வேலை சொல்லும் மொழியை எலெக்ட்ரிஷியன் ஏற்கெனவே படிக்கத் தெரிந்த ரிலே வரைபடம் மாதிரியே வைத்தார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு, நடுவில் படிகள். லேடர். ‘ஹலோ வேர்ல்டு’ எல்லாம் இங்கே கிடையாது. முதல் பாடம், ஒரு மோட்டாரை ஸ்டார்ட் பட்டனால் ஓட விட்டு, கையை எடுத்த பிறகும் ஓட வைத்து, ஸ்டாப் பட்டனால் நிறுத்துவது. கையை எடுத்த பிறகு அது எப்படி ஓடுகிறது என்று புரிந்துவிட்டால் ஹோல்டிங் கான்டாக்ட் புரிந்தது. ஸ்டாப் பட்டனை மட்டும் ஏன் மூடிய கான்டாக்டாக இணைக்கிறோம், எலி வயரைக் கடித்தாலும் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக, என்று புரிந்துவிட்டால் பாதி எஞ்சினியர்.

இனி இன்றைய கதை. என் அக்கா மகள் சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் அசெம்பிளியில் வேலை செய்கிறாள். ஹாஸ்டல் வாசம். வல்லம் வடகாலில் 2024இல் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியே திறந்தார்கள். இவள் இருப்பது அவ்வளவு பெரிதல்ல, ஆறு பேர் ரூம். போன வருஷம் பொங்கலுக்கு வந்தவள் கேட்டாள்: “புரோகிராமிங் கத்துக்கணும் மாமா. எந்த புக்கு வாங்கட்டும்?”

அவளிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்டேன். போனைத் திறந்து காட்டினாள். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகம், பைதான் பாடம், தமிழிலேயே, இலவசமாக. ஆலன் டவுனி எழுதிய ‘திங்க் பைதான்’, இலவசம். ஆல் ஸ்வைகார்ட்டின் புத்தகம், அதுவும் இலவசம். கணியம் வெளியிட்ட து. நித்யாவின் எளிய தமிழ்ப் புத்தகங்கள். சென்னை கணிதவியல் நிறுவனத்து மாதவன் முகுந்த் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்பு. இவை போக, ஆரம்பிக்க எது சிறந்த புத்தகம் என்று விளக்கும் வீடியோக்கள் ஒரு பெரிய பட்டியல். வார லீவு முழுக்க அவற்றைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொருவரும் ஐந்து புத்தகம் சொல்கிறார்கள். ஒருவர் சொன்ன ஐந்து இன்னொருவர் சொன்னதில் இல்லை. ஒரு வரி புரோகிராம் அடித்தாயா என்றேன். “எந்த புக்குன்னு முடிவு பண்ணிட்டு அடிக்கலாம்னு” என்றாள். அவள் கையில் இருந்த போன், நாங்கள் மூன்று பேர் முட்டிக்கொண்ட மிஷின்களையெல்லாம் மொத்தமாக விழுங்கக்கூடியது.

அவள் தம்பி எஞ்சினியரிங் காலேஜ். புது லேப்டாப்பைத் திறந்து ஹோம்வொர்க் காட்டினான். நீலத் திரை! டர்போ சி. இந்தக் கால மிஷினில் அது ஓடாது என்பதால், பழைய டாஸ் மிஷின் மாதிரி நடிக்கிற ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, அதற்குள் இதை ஓட்டுகிறார்கள். சுற்றி உள்ள ஷெட்களில் உலகத்துக்கே புதுசான போன்கள் இறங்குகின்றன. நடுவில் 1990களைப் பத்திரமாக ஓட்டுவதற்கு ஒரு லேப். ‘வாய்டு மெயின்’ என்று எழுதியிருந்தான். ஸ்டாண்டர்டு அப்படிச் சொல்லவில்லை, ‘இன்ட் மெயின்’ என்று போடு என்றேன். “போட்டா லேப்ல கேள்வி கேப்பாங்க மாமா.” நான் பேசவில்லை. எட்டு ஃபாக்டோரியல் போடு என்றேன். மைனஸ் 25216 வந்தது. பழைய சிநேகிதனைப் பார்த்தது போல் இருந்தது. பிறகு அவனே பைதானில் நூறு ஃபாக்டோரியல் போட்டுக் காட்டினான். 158 இலக்கம், ஒரு மைனஸ் இல்லை. அப்படியென்றால் பழைய சி புத்தகத்தைக் கொளுத்தலாம் என்றாள் அவன் அக்காள்.

கொளுத்தக் கூடாது என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு லைனின் தலைக்கு மேல் உற்பத்திப் பலகை தொங்கும். மாத உற்பத்தி சிவப்பு எண்ணில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மதிய ஷிஃப்டில் அது மைனஸில் போனது. முப்பதாயிரத்துச் சொச்சம் மைனஸ். இதுவரை செய்ததையெல்லாம் யாரோ திருப்பி எடுத்துக்கொண்டு போன கணக்கு. இளம் எஞ்சினியர்கள் வந்தார்கள். எல்லோரும் பைதான் படித்தவர்கள், என்னைவிட வேகமானவர்கள். சென்சார் என்றார் ஒருவர், நெட்வொர்க் என்றார் ஒருவர், வைரஸ் என்று ஒருவர் போனை எடுத்தார். மாதத் தொடக்கத்திலிருந்து எத்தனை பீஸ் என்று ரிஜிஸ்டரில் பார்த்தேன். 32767ஐத் தாண்டிக் கொஞ்சம். பி.எல்.சி.யில் சாதாரண முழு எண்ணுக்கு இன்றைக்கும் பதினாறு பிட்தான். ஒவ்வொரு பீஸுக்கும் ஒன்று கூட்டும் கட்டளை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. எண்ணை முப்பத்திரண்டு பிட்டுக்கு மாற்றச் சொன்னேன். அதில் 214 கோடி வரை போகலாம்; அதுவரை நாங்கள் யாரும் அந்த லைனில் இருக்கப்போவதில்லை. “எந்த கோர்ஸ் சார் முடிச்சீங்க?” என்று கேட்டார் ஒருவர். மளிகைக் கடை மாடி என்று சொன்னதை ஏதோ ஸ்டார்ட்அப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

இதனால் எல்லோரும் டர்போ சிக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அந்த நீலத் திரையை நாளைக்கே மூடினாலும் எனக்குச் சம்மதம். பதினாறு பிட்டை விளக்க அது வேண்டாம், ஒரு பென்சில் போதும். அக்கா மகளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: வீடியோக்களை விடு, பள்ளிக்கூடப் புத்தகத்தையே எடு. ஆனால் அதன் முதல் நான்கு பாடங்களை இப்போது திறக்காதே. செயற்கூறு, அருவமாக்கம், வரையெல்லை என்று நான்கு பாடம் தத்துவம் சொல்லிவிட்டு, ஐந்தாவதில்தான் பைதானைக் கண்ணில் காட்டுகிறார்கள். எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான், ஆனால் பசித்தவனுக்கு முதலில் ஜீரண சாஸ்திரம் நடத்துகிறார்கள். ஐந்திலிருந்து அடித்துக்கொண்டு போய், திரும்பி வந்து நான்கையும் படித்தால் அவை அருமையான பாடங்கள். அவள் அப்படியே செய்தாள். மழைக்காலத்துக்குள் பாதிப் புத்தகம் முடிந்தது.

பிறகுதான் உண்மையான விருப்பத்தைச் சொன்னாள். ஐ.டி. கம்பெனி வேண்டாமாம். லைனில் நின்று ஸ்க்ரூ போடுகிறவள், அந்த லைனை ஓட்டுகிற பேனலுக்குப் பக்கத்தில் போக வேண்டுமாம். பெட்ருசெல்லாவின் பி.எல்.சி. புத்தகத்தைக் காட்டினேன். தூக்கிப் பார்த்துவிட்டு, ஹாஸ்டல் லாக்கரில் இது இருந்தால் துணி இருக்காது என்றாள். தம்பியின் லேப்டாப்பில் இலவச சிமுலேட்டர் போட்டுக் கொடுத்தேன். மோட்டாரை ஓட வைத்தாள், கையை எடுத்தாள், நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம் முழுக்க நின்றுகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அந்த வேலையில் எனக்கு அனுபவம் உண்டு.

இப்போது அடுத்த குழப்பம், சீமென்ஸா மிட்சுபிஷியா என்று. அவள் லைனில் என்ன இருக்கிறது என்று மெயின்டனன்ஸ் அண்ணனைக் கேட்கச் சொன்னேன். இரண்டும் இல்லையாம். வேறொரு பெட்டி, மேனுவல் சீனத்தில். போட்டோ எடுக்க முடியாது, உள்ளே போன் விட மாட்டார்கள். அதனால் வேலை நேரத்தில் எந்த விளக்கு எப்போது எரிகிறது, அதற்குப் பிறகு எந்த சிலிண்டர் நகர்கிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து அதற்கான லேடர் எப்படி இருக்கும் என்று தானே வரைகிறாள். போன வாரம் வரைந்ததில் ஸ்டாப் பட்டன் தப்பு. போனில் சண்டை போட்டோம். தீபாவளிக்குத் துணி வேண்டாம், கட்டம் போட்ட நோட்டு இரண்டு டஜன் வாங்கி அனுப்பு என்கிறாள்.