வரணும்னுதான் இருந்தேன்

எங்கள் சுந்தரபாண்டியத்தில் கல்யாணத்துக்குப் போகாதவர்கள் சொல்வதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு: "வரணும்னுதான் இருந்தேன்." கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு வரை இது செல்லுபடியாகும். "பின்னே ஏன் வரலை?" என்று யாரும் கேட்பதில்லை. வராதது அந்த 'இருந்தேன்'-லேயே அடங்கிவிட்டது. மொய்யும் மிச்சம்.

இதற்கென்றே ஸ்பானியர்கள் தனியாக ஒரு காலம் வைத்திருக்கிறார்கள் என்று என் அக்கா மகள்தான் சொன்னாள். சென்னையில் வேலை. கம்பெனிக்கு மெக்சிகோவில் வாடிக்கையாளர்கள் இருப்பதால் ஸ்பானிஷ் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்த இடத்திலும் திண்ணையில் நோட்டை விரித்துவிட்டாள்.

"அவங்களுக்கு இறந்தகாலம் ரெண்டு மாமா. ஒண்ணு, நடந்து முடிஞ்சது. இன்னொண்ணு, நடந்துக்கிட்டே இருந்தது."

"ஒரு இறந்தகாலத்தை வச்சுக்கிட்டே இங்க அவனவன் படுற பாடு போதாதா?"

கதை அதோடு முடியவில்லை. சில வினைகள் காலம் மாறினால் பொருளும் மாறிவிடுமாம். 'சபீயா' என்றால் முன்பே தெரியும். 'சூப்பே' என்றால் அப்போதுதான் தெரியவந்தது. 'கெரீயா' என்றால் ஆசை இருந்தது. 'கீஸே' என்றால் முயன்றும் பார்த்தாயிற்று. முன்னால் ஒரு 'நோ' போட்டு 'நோ கீஸே' என்றால், மாட்டேன் என்று மறுத்துவிட்டதாக அர்த்தம். 'கொனொசீயா' என்றால் ஆள் ஏற்கெனவே பழக்கம். 'கொனொசீ' என்றால் அன்றைக்குத்தான் முதல் அறிமுகம். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் பஜ்ஜி வருவதற்குள் பஞ்சாயத்து வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'தெனீயா கே'. செய்யவேண்டிய கடமை இருந்தது; செய்தேனா என்று கேட்காதே. அதையே 'தூவே கே' என்றால் கடமையும் இருந்தது, செய்தும் தொலைத்தேன். வரணும்னுதான் இருந்தேன் என்பது சுத்தமான தெனீயா கே. தூவே கே ஆட்கள் எங்கள் தெருவில் குறைவு.

தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் இலக்கணம் பேசிவிட்டுத் தப்பிக்க முடியுமா? நன்னூலை இழுத்தேன். காலத்தை மாற்றிச் சொல்வதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நான்கு காரணங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வெளியிலிருந்து கூப்பிட்டால், 'உண்டேன், வந்தேன்' என்பானாம். இது விரைவுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம். செல்போன் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்! இன்றைக்கும் "கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டேன்" என்பவருக்குப் பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் "ராஜபாளையம், ராஜபாளையம்" என்று கண்டக்டர் கூவுவது நன்றாகவே கேட்கிறது. பொய்யென்று சண்டைக்குப் போகாதீர்கள். காலவழுவமைதி.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால், ஒரு துளி விழுவதற்கு முன்பே 'மழை பெய்தது' என்று சொல்லலாம். அது தெளிவு. வத்திராயிருப்புப் பக்கம் மானாவாரி வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு தெளிவு போதாது. அவர்கள் எறும்பையும் நம்புவதில்லை.

நான்காவதான இயல்பில்தான் மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள். 'முன்பெல்லாம் நாங்கள் விளையாடுவது இந்தச் சோலையில்' என்கிற மாதிரி உதாரணம். நடந்தது என்றோ, வினை மட்டும் எதிர்காலத்தில் நிற்கிறது. நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? "அப்பல்லாம் கண்மாயிலதான் குளிப்போம்." "எனக்கு அப்பவே தெரியும்." வழக்கமாக நடந்த பழசுக்கு ஸ்பானியன் தனி விகுதி செய்து அழுகிறான், நாம் எதிர்காலத்தையே இரவல் வாங்கிச் சமாளிக்கிறோம்.

"அப்ப சபீயாவுக்கு 'அப்பவே தெரியும்', சூப்பேக்கு 'தெரிஞ்சுபோச்சு'. அவ்வளவுதானா மாமா? இதை எங்க சார் சொல்லவே இல்லையே."

"உங்க சார் நன்னூல் படிச்சிருக்க மாட்டார்."

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் நேரம் பார்த்து, போன வருஷம் மோட்டார் ரிப்பேருக்கென்று கைமாற்று வாங்கிய பங்காளி தெருவில் வந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளை மிதிக்கத்தான் பார்த்தார். அது கீஸே. மருமகள் "வாங்க மாமா" என்று கூப்பிட்டுவிட்டதால் இறங்கவேண்டியதாயிற்று. அது தூவே கே.

"அண்ணே, பொங்கலுக்கே தரணும்னுதான் இருந்தேன். மாசி பிறக்கட்டும், கொடுத்துட்டேன்னு வச்சுக்கங்க."

அவர் தெருமுனை திரும்பும் வரை பேசாமல் இருந்த மருமகள் கேட்டாள்: "'பிறக்கட்டும்'கிறார், 'கொடுத்துட்டேன்'கிறார். இது எந்தக் காலம் மாமா?"

"வாராக் காலம். எதிர்காலத்துக்குத் தொல்காப்பியர் வச்ச பேரு."

உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தாள்: "அந்தப் பணத்துக்கும் அதான் பேரு, தம்பி."