நாய்க்குக் கேக்கு வெட்டுற அப்புனுக்கு

ஏனப்புனு, உன்ர நாய்க்குப் பொறந்த நாளாமே? சரவணம்பட்டி அடுக்குமாடில, ஏழாவது மாடில, கேக்கு வெட்டித் தொப்பி மாட்டிப் போட்டோவும் புடிச்சாச்சாக்கும். நெம்பச் சந்தோசம். அந்த நாயோட மொகத்தை மட்டும் ஆராச்சும் பாத்தீங்களா?

சைபீரியன் ஹஸ்கின்னு சொன்னே. பனில வண்டி இழுக்கறதுக்குன்னே வளத்த சாதி அது. மேல ரெட்டை அடுக்கு மயிரு. சித்திரை வெயில்ல அதைக் கோயமுத்தூர்ல ஏசிக்குள்ள பூட்டி வெச்சுட்டு, சோபாவக் கொதறுதுன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறே. மைல் கணக்கா ஓடோணும்னு பொறந்த காலு, பொழுதுக்கும் சோலியில்லாம கெடந்தா வேற என்ன பண்ணும்? உன்னைய உட்டுட்டுச் சோபாவக் கடிச்சுதே, அதுவரைக்கும் நல்ல நாய்தான்.

பொழுதோட ரேஸ்கோர்ஸ்ல பாக்கறனே. நாய் ஒரு கம்பத்துக்கிட்ட மோந்து பாக்க நின்னாப் போதும், வெடுக்குன்னு இழுக்கறாங்க. ஏனப்புனு, நடைக்குப் போறது நாயா, உன்ர கைக் கடியாரமா? மோப்பம் புடிக்கற உயிரணு மனுசன் மூக்குல ஒரு 60 லட்சம் இருந்தா, நாய்க்குப் பத்துக் கோடிக்கும் மேலங்கறாங்க. ஊருக்குள்ள ஆரு வந்தா, ஆரு போனா, எந்தப் பொட்டைக்குப் பருவம்னு பூராச் சேதியும் அந்தக் கம்பத்துலதான் கெடக்குது. குளிப்பாட்டி நடுவூட்ல வெச்சாலும் குப்பைக்குத்தான் போகும்னு பெரியவிய நாயைத் திட்டி வெச்சாங்க. போகாம? நடுவூட்ல மோந்து பாக்க என்ன இருக்குது?

இன்னொரு கூத்து. ஒரு மாசக் குட்டியத் தாய்கிட்ட இருந்து புடுங்கியாந்து, மெத்தை போட்டு, ஒத்தைல வளக்கறது. குட்டிக்குப் பழக்கம் படியறது மூணாவது வாரத்துல இருந்து 14 வாரத்துக்குள்ள. கூடப்பொறந்ததை அழுத்திக் கடிச்சா அது கத்திட்டு வெளையாட்ட உட்டுப் போயிரும். பல்லை எம்புட்டு அழுத்தலாம்னு அங்கதான் கத்துக்கும். நீ அந்தப் பள்ளிக்கோடத்தையே மூடிப்போட்டு, பொறவு பயிற்சிக்காரருக்குப் பணம் கட்டறே.

எங்க காங்கேயம் பக்கம் வந்து பாரு. கொறங்காடு, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள பட்டி. குட்டில இருந்தே ஆட்டோட ஒட்டுக்காப் படுத்து வளந்த பட்டிநாய் அந்த ஆட்டை அதும்பட சனமுன்னே நெனைக்கும். ராத்திரி வேத்தாள் வந்தா ஊரையே எழுப்பிப்போடும். பொறந்த நாளு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாச் சோலி இருக்குது, சோறு இருக்குது, சேந்து படுக்க ஆடு இருக்குது.

அதே பக்கத்துலதான் அப்புனு, ஆளில்லாத நாயிக கூட்டமாச் சேந்து பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கொதறிப்போடுது. காங்கேயம், வெள்ளகோவில் காட்டுக்காரங்க செத்த ஆட்டைத் தூக்கியாந்து ரோட்டுல உக்காந்தாங்க. 2025-ல அரசாங்கம் இழப்பீடு அறிவிச்சுது. நாய்ப் பொறப்பே கெட்டுப்போச்சுன்னு பேசறாங்க. என்ன கெட்டுச்சு? ஒத்தை நாய் கோயில் திண்ணைல தூங்கும். அதுவே நாலஞ்சு சேந்து, முன்னால ஆடு வெருண்டு ஓடுச்சுன்னா, வேட்டைப் புத்தி முழிச்சுக்கும். பசிக்கு ஒண்ணுன்னு நிறுத்தாது, ஓடறது பூராத்தையும் கடிக்கும். அந்த நாயிகளை ஒட்டுக்காச் சேத்து உட்டது ஆரு? கோழிக்கடைக் கழிவை மூட்டையாக் கட்டித் தடத்தோரம் வீசறவன்தான்.

டவுனுக்குள்ள ஒருத்தன் நாயைப் பூரா ஒழிங்கங்கறான். இன்னொருத்தன் காரை நிறுத்தி, பிஸ்கோத்து வீசிப்போட்டு, கண்ணாடிய ஏத்திட்டுப் போறான். 2025 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு, வெறியும் முரட்டுத்தனமும் இல்லாத நாய்க்குக் கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே உடுங்க, சோறு வெக்கத் தனி எடம் ஒதுக்குங்கன்னுச்சு. நாய்க்கு எல்லை உண்டு கண்ணு. பழகுன நாயைத் தூக்கிட்டா, குப்பை அங்கயே கெடக்கற வரைக்கும் வேத்து நாய் வந்து குடியேறும்.

வர்ற ஞாயித்துக்கெழமை கறி எடுக்கப் போவியல்ல? கழிவை எங்க கொட்டறீங்கன்னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வா.