ஓட்டாண்டி

சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தவரை ஓட்டாண்டி என்பார்கள். நான் சொல்ல வந்த ஓட்டாண்டி வேறு. இவருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். திருச்சியில் சொந்த வீடு. வீட்டுக்கு மொட்டை மாடி, மாடிப்படிக்கு அடியில் பதினோரு சிமெண்டுச் சாக்கு, சாக்கு நிறைய ஓடு. கூரை ஓடல்ல, பானை ஓடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு மருமகள் கைதவறிப் போட்டு உடைத்து, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அந்தத் துண்டுகளைத்தான் நம்மவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

ஊருக்கு ஒருவராவது இந்த ரகத்தில் உண்டு. பெரும்பாலும் வங்கி, பள்ளிக்கூடம், மின்வாரியம் என்று முப்பது வருஷம் குனிந்து எழுதியவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் குனிவு போவதில்லை. மேசை மட்டும் போய்விடுகிறது. அதனால் காட்டுக்குப் போய்க் குனிகிறார்கள். தோளில் ஜோல்னாப்பை. அதற்குள் தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், பூதக்கண்ணாடி, படம் எடுக்கும்போது பக்கத்தில் வைக்க ஆறங்குல ஸ்கேல், ஓட்டைப் பொதிய நேற்றைய பேப்பர். எதிரே வருகிற மைத்துனரைத் தெரியாது. பத்தடி தள்ளிக் கிடக்கிற விளிம்புத் துண்டு தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தக்கால் நட்ட குழியின் மண்ணை முதலில் பார்ப்பார், மணமக்களைப் பிறகு. தெருவில் யாராவது செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினால் வீட்டுக்காரருக்கு முன்னால் இவர் நின்றிருப்பார்.

எங்கே தேடுவது என்பதில் மட்டும் அவரை லேசில் தவறு சொல்ல முடியாது. ஊர்ப்பெயரில் நத்தம் என்றோ மேடு என்றோ வந்தால் காது விடைத்துக்கொள்ளும். நத்தமேடு என்று இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. ‘பாண்டவர் குழி’, ‘பாண்டவர் வீடு’ என்று ஜனங்கள் எதையாவது சொன்னால், அது பெருங்கற்காலத்துக் கல்லறையாக இருக்கும் என்று கண்டுகொள்வார். உழுது போட்ட நிலமும் மழை விட்ட மறுநாளும் சேர்ந்தால் விசேஷம். மழை மண்ணைக் கழுவி ஓட்டை மட்டும் மேலே விட்டுவிட்டுப் போகும். ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கிற முதல் காலைதான் அவருக்குத் தீபாவளி. அசல் தீபாவளி அன்று அவர் வீட்டில் இருந்ததாக அவர் மனைவிக்கு ஞாபகமில்லை.

ஒருமுறை நானும் கூடப் போனேன். காவிரிக்குத் தெற்கே ஒரு மேடு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்ன சாமி தேடுறீங்க? காசு கீசு விழுந்துபோச்சா?”

“இல்லம்மா. ஓடு.”

“ஓடா? எங்க கொல்லையில அள்ளிக்கிட்டுப் போங்களேன்.”

“இது பழைய ஓடும்மா.”

“நாங்க மட்டும் என்ன, புதுப் பானையவா உடைச்சு வச்சிருக்கோம்?”

இதற்குள் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இருவர் தரையைப் பார்த்து நடந்தால் நம் நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். “பைபாஸ் எந்தப் பக்கமா சார் போகுது? சென்ட்டுக்கு என்ன குடுப்பாங்க?” என்றார் ஒருவர். நம்மவர் மலர்ந்த முகத்தோடு ஒரு ஓட்டை நீட்டி, இதன் உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் படாமல் கறுத்தது, வெளியே காற்றுப் பட்டுச் சிவந்தது என்று இருபது நிமிஷம் விளக்கினார். மூவரும் மரியாதையாகக் கேட்டார்கள். வண்டியைக் கிளப்பும்போது ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “புதையல்தான்டா. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு.”

ஓட்டைக் கையில் எடுத்தவுடன் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் நன்றாக வெந்தது. ஓடா, கல்லா, எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார். எலும்பு நாக்கில் ஒட்டும், கல் ஒட்டாது. இது துறைக்காரர்களும் செய்கிற சோதனைதான், நான் கேலி செய்யவில்லை. “அந்த வாயோட வந்து காப்பி கேக்காதீங்க” என்று அவர் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சங்ககாலத்தில் இவ்வளவு நிதானமாக இருப்பவர் வெள்ளைக்காரன் காலத்துக்கு வந்தால் கொஞ்சம் தடுமாறுவார். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒருநாள் ஒரு செம்புக் காசு கிடைத்தது. பெரிய ‘வி’, அதன் இரண்டு கால்களிலும் ஏறி உட்கார்ந்த ‘ஓ’வும் ‘சி’யும். நம்மவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வி.ஓ.சி.! சுதேசிக் கப்பல் கம்பெனி போட்ட காசு! தெரிந்தவர் எல்லாருக்கும் போன் பறந்தது. ஒன்பதாவது படிக்கிற பேத்தி பூதக்கண்ணாடியை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்து, “தாத்தா, 1746னு போட்டிருக்கு” என்றாள். வ.உ.சி. பிறந்தது 1872. சுதேசிக் கம்பெனி 1906. தாத்தா அரை நிமிஷம் மௌனமாக இருந்தார்.

அது 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு. அந்தக் கம்பெனிக்கும் அவர்கள் மொழியில் அதே மூன்று எழுத்து. தூத்துக்குடியை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள். காசின் பெயர் டுயிட். நாம் துட்டு என்கிறோமே, அதுதான். கம்பெனிக்காரர்களுக்குக் ‘கேஷ்’ என்று சொல்லக் காசைக் கொடுத்தோம், பதிலுக்குத் துட்டை வாங்கிக்கொண்டோம். கணக்குச் சரியாகிவிட்டது.

இன்னொரு நாள் ஒரு இடிந்த கட்டடத்திலிருந்து மங்களூர் ஓடு ஒன்றைச் சுமந்து வந்தார். அதில் 1865 என்று அச்சு இருந்தது. கட்டடத்துக்கு அப்போதே வயது நிர்ணயித்து, ஒரு கட்டுரையும் எழுதி, பத்திரிகைக்கு அனுப்ப உறையும் ஒட்டியாகிவிட்டது. 1865 என்பது பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை தொடங்கிய வருஷம். அதைப் பிற்பாடு வந்த ஓடுகளிலும் போட்டுக்கொண்டே போனார்கள் என்பது உறை ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. தபால் தலையைத் தண்ணீர் தொட்டு உரித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

கல்யாண நாளுக்குத் தரங்கம்பாடி போனது தனிக் கதை. கடலைப் பார்க்கலாம் என்றுதான் மனைவியை அழைத்துப்போனார். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை இருந்த ஊர். அலை அரித்த மணலில் அவர்கள் போட்ட சின்னக் காசுகள் எப்போதாவது அகப்படும். அம்மையார் மணலில் துண்டு விரித்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நம்மவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாயங்காலம்வரை மணலைக் கிளறினார். கிடைத்தது ஒரு சோடா மூடி, ஒரு கொலுசுத் திருகாணி. திருகாணியை மனைவிக்குக் கொடுத்தார்.

இவருடைய நல்ல பெயரைக் கெடுக்க இன்னொரு கூட்டம் திரிகிறது. ‘ரைஸ் புல்லிங்’ கலசம், அரிசியை இழுக்கும் இரிடியம், நாசாவில் கோடி கோடியாகக் கொடுத்து வாங்குகிறார்கள் என்று காதுக்குள் பேசுகிற கூட்டம். அவர்கள் பையில் அனுமார் படம் போட்ட 1818ஆம் வருஷத்து அரையணா ஒன்று கட்டாயம் இருக்கும். ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் வெங்கடேசரையும் இரண்டு தேவியரையும் போட்டு வராகன் அடித்தது உண்மை. அனுமார் அரையணா அடித்ததே இல்லை. நம்மவரிடம் அப்படி ஒருவன் வந்தபோது, காசை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு என்னைவிட வயசு கம்மி” என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பணத்தாசை துளியும் இல்லை. விற்கமாட்டார், வாங்கவும் மாட்டார். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் அவருக்கு மனப்பாடம்: மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று நல்ல டீ வருவது சந்தேகம். சட்டத்தில் தொகை மாறவில்லை. “என் சாக்கு பதினொண்ணையும் சேர்த்து எடைக்குப் போட்டாலும் பத்து ரூபாய் தேறாது” என்பார். அதிலும் தப்பில்லை.

அவருடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது.

இரண்டு கதைகளை அவர் வாராவாரம் சொல்வார். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்துச் சரளைக் குழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கற்கால மனிதனின் கைக்கோடரி. நம் நாட்டின் வரலாற்றுக்கு முந்தைய ஆராய்ச்சிக்கே அதுதான் பிள்ளையார் சுழி. இன்னொன்று மார்ட்டிமர் வீலர் கதை. 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரியைத் திறந்தபோது உடைந்த ஜாடிக் கழுத்தும் கைப்பிடியும் கண்ணில் பட்டன. ரோமானியர்கள் மது அனுப்பிய ஆம்போரா! எங்கே கிடைத்தது என்று கேட்டார். பாண்டிச்சேரிப் பக்கம் என்றார்கள். மறுவருஷம் அரிக்கமேட்டில் தோண்டினார்.

இந்த இரண்டிலும் நம்மவர் எடுத்துக்கொண்டது குனிந்ததை மட்டும். ஃபுட் தேதியையும் இடத்தையும் எழுதி வைத்தார் என்பதையும், அலமாரி ஓட்டுக்கு ஊர் இருந்ததால்தான் வீலருக்கு வழி கிடைத்தது என்பதையும் சொல்லும்போதே தாண்டிப் போய்விடுவார். கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை 2015இல் மண்வெட்டியை வைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கிடைத்த பொருள்களைச் சேர்த்து வைத்து, துறைக்கும் தகவல் சொன்னார். அவரும் குனிந்தவர்தான். ஆனால் எங்கே குனிந்தோம் என்பதை மறக்காதவர்.

ஒருநாள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை நானே அழைத்துக்கொண்டு போனேன். சாக்கைப் பிரித்ததும் அவருக்குக் கை நடுங்கியது. ஒரு ஓட்டில் நான்கு கீறல். எழுத்தா குறியா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த ஊர் சார்?”

“நம்ம பக்கம்தான்.”

“எந்த மேடு? எந்த இடம்?”

“எல்லாம் இந்தச் சுத்துவட்டாரம்தான் சார். சைக்கிள்ல போறது, வர்றது…”

பேராசிரியர் ஓட்டைச் சாக்கில் வைத்தார். காப்பி குடித்தார். சர்க்கரை அளவாக இருப்பதாகச் சொன்னார். கிளம்பிவிட்டார். நம்மவருக்கு அவர் ஏன் அப்படிச் சுருங்கிப்போனார் என்று ரொம்ப நாள் புரியவில்லை. கிடந்த இடத்தை விட்டுத் தூக்கி வந்து, இடத்தையும் மறந்துவிட்டால் அது திருவிழாவில் காணாமல்போன குழந்தை மாதிரி. பெயர் சொல்லத் தெரியாத குழந்தை. நான் இதைச் சொன்னபோது, “நான் நல்லாத்தானே வச்சிருக்கேன்” என்றார் பரிதாபமாக.

போன சித்திரையில் அவர் பத்து நாள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனார். மொட்டை மாடி வெகுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மையார் இதுதான் சமயம் என்று கொத்தனாரைப் பிடித்தார். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதிக்கிற வேலை. பாதியில் ஜல்லி போதவில்லை. கொத்தனார் மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இவ்ளோ நல்ல ஜல்லிய வச்சுக்கிட்டா லோடு சொல்லச் சொல்றீங்க? கணீர்னு வெந்த ஓடும்மா இது.”

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்கிறார் அம்மையார். நான் நம்பவில்லை.

ஊரிலிருந்து திரும்பியவர் மாடிப்படிக்கு அடியில் நான்கு சாக்குகளைப் பார்த்தார். மாடிக்கு ஏறினார். புதுத் தட்டோடு வெயிலில் சிவப்பாக மின்னியது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதினார்: ‘ஏழு சாக்கு. இடம்: மொட்டை மாடி, வடகிழக்கு மூலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை. ஆழம்: தட்டோட்டுக்குக் கீழே மூன்றங்குலம்.’ இத்தனை வருஷம் ஓடு பொறுக்கியவர் இடம் குறித்து வைத்தது அதுதான் முதல் தடவை.

ஐப்பசியில் நல்ல மழை. மாடி ஒரு சொட்டு ஒழுகவில்லை.