பூகம்பத்துக்கு நாள் குறித்த பெருந்தகை

நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கச் சிலர் ஆயுளையே செலவழித்திருக்கிறார்கள். பாவம், சுருக்குவழி தெரியாதவர்கள். ஹாரி ரீட் என்ற அமெரிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில், வடக்கே ஓலிமா அருகே ஒரு தோட்டத்து வேலி குறுக்கே வெட்டுப்பட்டு, ஒரு பாதி எட்டடிக்கு மேல் தள்ளிப்போய் நின்றது. பார்த்தோம், வியந்தோம் என்று விட்டாரா? 1850களிலிருந்து நில அளவையாளர்கள் குன்றுக்குக் குன்று எடுத்து வைத்திருந்த அளவுகளை, நடுக்கத்துக்குப் பின் எடுத்தவற்றோடு வைத்து ஒப்பிட்டார். பிளவின் இருபுறமும் எதிரெதிரே மெல்ல நகர, இடையிலுள்ள பாறை வளைந்துகொண்டே வந்து, தாங்காமல் ஒருநாள் முறிந்து மீள்கிறது என்று 1910இல் எழுதினார். சொன்னவன்தான் நிரூபிக்க வேண்டும் என்ற பழைய மூடநம்பிக்கை மனிதரை அந்தப் பாடு படுத்திவிட்டது.

ஐபன் பிரவுனிங் அவர்களுக்கு இந்தத் தளை கிடையாது. விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; ஆகவே நிலநடுக்கம் பற்றி விசாலமான மனத்தோடு சிந்திக்க முடிந்தது. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில் மிசூரி மாநிலத்து நியூ மேட்ரிட் பிளவு 1990 டிசம்பர் 3 அன்று, இரண்டு நாள் முன்பின்னாக, பெரிதாக அதிரலாம் என்று அருளினார். அருளிய இடமும் பொருத்தமானது: வணிகப் பிரமுகர்கள் கூடும் கூட்டங்கள். ஆய்விதழ்களுக்கு அனுப்பினால் அங்கே எவராவது கேள்வி கேட்டுத் தொலைப்பார்கள்.

வாய்ப்பு எவ்வளவு? பாதிக்குப் பாதி. இந்த அடக்கத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். பூமி அதிர்ந்தால் சொன்னது பலித்தது. அதிராவிட்டால் அதுதான் மறுபாதி. ரீடுக்கு இப்படியொரு வசதி வாய்த்ததா?

அவருக்கு ஏற்கெனவே பலித்த வாக்கும் உண்டு. 1989 அக்டோபர் 17இல் கலிஃபோர்னியாவின் லோமா பிரியேட்டா நடுங்கியதை முன்கூட்டியே சொன்னவர் என்று செய்தி பரவியது. பேச்சின் பதிவைத் தேடிப் பார்த்தால், உலகில் அந்த நாளையொட்டிச் சில நடுக்கங்கள், ரிக்டர் 6க்கு மேல், வரக்கூடும் என்றிருந்தார். அந்த அளவு நடுக்கம் உலகில் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் வருகிறது, ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். தோப்பிலே எந்த மரம் என்று சொல்லாத காக்கையின் பெருந்தன்மை அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது!

எல்லாவற்றிலும் பெரிய கொடை, நிரூபிக்கும் பாரத்தை அடுத்தவர் தலையில் ஏற்றியது. நிலநடுக்க அறிஞர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டுக் குழு கூட்டி, அதே அளவு இழுப்பு முன்பு பலமுறை வந்தும் நியூ மேட்ரிட் அசையவில்லையே என்று கணக்குப் பார்த்து, கணிப்புக்கு ஆதாரமில்லை என்று அக்டோபரில் அறிவித்தார்கள். யார் கேட்டார்கள்? செப்டம்பரில் அந்தப் பக்கம் ஒரு சிறு நடுக்கம் வந்திருந்தது. ஊருக்கு அது போதும். 1811, 1812இல் அதே பகுதி உண்மையிலேயே பயங்கரமாக அதிர்ந்த நினைவும் சேர்ந்துகொண்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தொலைக்காட்சி வண்டிகள் நியூ மேட்ரிட் என்ற அந்தச் சிற்றூரில் வரிசைகட்டி நின்றன. பனியன் விற்றவர்களுக்கும் பூகம்பக் காப்பீடு விற்றவர்களுக்கும் நல்ல பருவம்.

டிசம்பர் 3 வந்தது. பூமிதான் ஒத்துழைக்கவில்லை.

இத்தகைய மேதைகளுக்காக வாதாட வருகிறவர்கள் தவறாமல் ஆல்ஃபிரட் வெகனரை அழைத்து வருவார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் சொன்ன அவரையும் ஏளனம் செய்தார்களே என்பார்கள். சரியான ஒப்புமை. வெகனர் புத்தகத்தை நான்கு பதிப்புகளாகத் திருத்திக்கொண்டே போனவர், ஆட்சேபங்களுக்கு விடை தேடியவர். கடலடித் தரை விரிவதை 1960களில் அளந்து காட்டிய பின்பே உலகம் அவர் பக்கம் வந்தது. ஆனால் கண்டங்களைத் தள்ள அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, இதே சூரிய சந்திர இழுப்பு. அது போதவே போதாது என்று புவி இயற்பியலாளர் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் கணக்கிட்டுக் காட்டினார்; அந்தப் பகுதி இன்றுவரை எடுபடவில்லை. வெகனரிடமிருந்து பிரவுனிங் தேர்ந்துகொண்டது அதைத்தான்!

நிலவுக்குப் பங்கே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ஓத இழுப்பு வலுக்கும்போது சிலவகைப் பிளவுகளில் நடுக்கம் சற்றுக் கூடுகிறது என்று 2004இல் காட்டினார்கள், ஆயிரக்கணக்கான நடுக்கங்களை எண்ணிப் பார்த்து. எண்ணுவதெல்லாம் குமாஸ்தா வேலை. தீர்க்கதரிசிக்கு அது தகாது.

பிரவுனிங் 1991இல் காலமானார். தம் கணிப்பை நிறுவ ஓர் ஆய்வுக் கட்டுரைகூட அவர் விட்டுச்செல்லவில்லை. அந்தக் கணிப்பு ஏற்படுத்திய கலவரத்தைப் பற்றி அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1993இல் ஓர் அறிக்கை அச்சிட்டது. அது இருநூறு பக்கத்துக்கும் மேல்.