பிசுக்கும் அதன் நீக்கமும்: இளம்பிள்ளை அடுப்படி அலமாரிகளை முன்வைத்து

ஆய்வுக் கட்டுரையை நன்றியில் தொடங்குவது மரபு. இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர் யாருமில்லை. ஸ்டூல் கொடுத்தவர் அம்மா. "பொங்கலுக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்குது, மேல் கப்போர்டத் தொடச்சுப்போடுடா" என்று அவர் சொன்னதை (அம்மா, வாய்மொழி) ஆய்வுச் சிக்கல் முன்மொழியப்பட்டதாகவே கொண்டேன். சிக்கலைக் கண்டதும் துணியைத் தேடுகிறவர்கள் உண்டு. நான் பேனாவைத் தேடினேன்.

முதலில் சொல்லாராய்ச்சி. அலமாரி போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். ஜன்னல், சாவி, மேசை எல்லாம் அதே கப்பலில் இறங்கியவைதான். அகராதி பார்க்கத் தெரிந்த எவரும் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆகவே இது ஆய்வாகாது. ஆய்வென்றால் இப்படி: தொல்காப்பிய உரியியலில் 'அலமரல்' என்றால் சுழற்சி. சீரகம் எங்கே என்று ஆறு கதவையும் திறந்து பார்ப்பவருக்குத் தலை சுழல்கிறது. எனவே அலமரல், அலமரி, அலமாரி. நடுவிலுள்ள 'அலமரி' எந்த நூலிலும் இல்லை. இல்லாததால்தான் அது கடல்கொண்ட நூல்களில் இருந்திருக்க வேண்டும் என்று உறுதிப்படுகிறது. கடல் மட்டும் இல்லையென்றால் நம் சொல்லாராய்ச்சியாளர்கள் பலருக்கு வேலை இருக்காது.

அடுத்து இடம். இளம்பிள்ளை என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சேலை. தறிச் சத்தத்தில் விடிகிற ஊர். ஆனால் ஊரின் பெயர் பிறந்தது தறியில் அல்ல, அடுப்படியில். பக்கத்துக் கஞ்சமலைச் சித்தர் கோயிலை ஒட்டி வழங்கும் கதை இது: மலையில் ஒரு குருவும் வயதான சீடரும் இருந்தார்கள். சீடர் சோறு பொங்கினார். பொங்கிவந்ததைக் கிளற, அங்கே கிடந்த ஒரு குச்சியை எடுத்தார். சோறு கறுத்துப்போயிற்று. இதைக் குருவுக்கு எப்படிப் போடுவது என்று பயந்து தானே தின்றுவிட்டார். தின்றவர் இளைஞராகிவிட்டார். அதனால் இளம்பிள்ளை.

கதையைச் சொல்பவர்கள் அந்தக் குச்சி என்ன மூலிகை, குரு திருமூலரா வேறொருவரா என்றே மயங்கி நிற்கிறார்கள். மூலக் கேள்வியை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அகப்பை எங்கே போயிற்று?

மூன்று விடைகள் சாத்தியம். அகப்பையே இல்லை என்பது முதலாவது. சோறு பொங்கத் தெரிந்தவர் வீட்டில் அகப்பை இல்லை என்பது நம்பும்படியாக இல்லை, தள்ளுக. இருந்தது, வைத்த இடம் தெரியவில்லை என்பது இரண்டாவது. இது எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பதால் சற்று வலுவுள்ளது. இடம் தெரியும், ஆனால் மேல்தட்டு, எட்டவில்லை என்பது மூன்றாவது. சீடர் முதியவர் என்று கதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறது? கூன் விழுந்த உடம்பு, உயரமான தட்டு, கீழே கொதிக்கும் பானை. வேறு எப்படிக் குச்சியை எடுப்பார்? இளைஞரானபின் கை எட்டியிருக்கும்தான், ஆனால் அதற்குள் சோறு தீர்ந்துவிட்டது. அகப்பையைத் தப்பான உயரத்தில் வைத்ததற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் முதல் சான்று இதுவே என்று துணிகிறேன். மலையில் அலமாரி ஏது என்று மறுப்போர் கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது கிடப்பதை மறந்துவிடுகிறார்கள். கீலுக்குப் பஞ்சமில்லை.

இம்மரபு அறுபடவில்லை. எங்கள் மேல் கப்போர்டு ஏழடி உயரத்தில் இருக்கிறது. காரணம் கேட்டதற்கு, "ஸ்டூலு போட்டா எட்டுமுங்க" என்றார் ஆசாரி (வாய்மொழி, அளவெடுக்க வந்தபோது, முதல் டீக்கு முன்). ஸ்டூல் ஆடுகிறதே என்றதற்கு, "ஸ்டூலு நான் செஞ்சதில்லீங்க" என்றார் (மேற்படி ஆசாரி, மீதிப் பணம் வாங்கிய பின், வண்டியில் ஏறியபடி).

இனிப் பிசுக்கு. அழுக்கு வேறு, பிசுக்கு வேறு. அழுக்கு ஊதினால் போய்விடும். பிசுக்கு ஊதியவனின் விரலையும் பிடித்துக்கொள்ளும். தாளிக்கும்போது மேலேறும் எண்ணெய்த் துளி கதவில் படிகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் கண்ணியோடு கண்ணி கோத்துப் பிசினாகிறது. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைத்து உலரவிடுவதும் இதே வித்தைதான். எந்த எண்ணெய் எவ்வளவு விரைவில் இறுகும் என்பதை அயோடின் எண் சொல்லும். சூரியகாந்திக்கு 120ஐத் தாண்டும், கடலைக்கு 100ஐ ஒட்டி நிற்கும், தேங்காய்க்கு 10தான். கடலை எண்ணெயை விட்டு சூரியகாந்திக்கு மாறிய வீடுகளில் கதவு ஏன் கூடுதலாக ஒட்டுகிறது என்பதற்கு இதுவே விளக்கம். எதிர்வீட்டு அக்கா இதை எந்த எண்ணும் இல்லாமல் முன்பே சொல்லிவிட்டார். ஆகவே அது கணக்கில் வராது.

நம்மூரில் இதன்மேல் தறிப் பஞ்சு வேறு. எண்ணெய் பாவு, பஞ்சு ஊடை. ஆறு மாதத்தில் கதவுக்கு ஒரு முழம் ஓடியிருக்கும். ஜரிகை இல்லாத குறையை மஞ்சள்தூள் தீர்த்துவைக்கிறது. ஒப்பீட்டுக்காக அடுப்புக்கு நேர் மேலே உள்ள கதவைத் துடைக்காமல் விட்டு, 'ஆய்வுக்குரியது, தொடாதீர்' என்று ஒரு சீட்டு ஒட்டினேன். பசை தேவைப்படவில்லை.

திணை பிரிக்காமல் தமிழில் எந்த ஆய்வும் நகராது என்பதால் அதையும் செய்துவிடுகிறேன். அட்டாலி குறிஞ்சி. அடுப்போரம் பாலை. சிங்க்குக்கு அடியில் நெய்தல். பருப்பு டப்பாக்கள் முல்லை. காத்திருத்தல்தான் அதன் உரிப்பொருள், உள்ளே வண்டும் காத்திருக்கிறது. பாத்திரத் தட்டு மருதம். ஊடல் அங்குதான் நடக்கிறது.

தட்டில் விரிக்கும் தாளைப் பற்றி உரை வேறுபாடு உண்டு. உணவைச் செய்தித்தாளில் பொதியவோ வைக்கவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதி சொல்கிறது. டப்பாவுக்கு அடியில் கிடக்கும் தாள் உணவைத் தொடுகிறதா, டப்பாவைத் தொடுகிறதா, டப்பா உணவைத் தொடுவதால் தாளும் தொட்டதாகுமா என்று ஒரு நச்சினார்க்கினியர் இருந்தால் நாற்பது பக்கம் கிடைக்கும். நான் செய்துபார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தட்டில் செய்தித்தாள், மறு தட்டில் போன வருடம் சேலத்தில் நான் கட்டுரை வாசித்த கருத்தரங்கின் மலர். பேச ஐந்து நிமிடம் தந்தார்கள், அதில் மூன்று நிமிடம் பொன்னாடைக்குப் போயிற்று. 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தலையணைக் கனத்தில் மலர் மட்டும் வந்தது. மாதக் கடைசியில் பார்த்தால் செய்தித்தாள் எண்ணெயை முழுக்க உறிஞ்சியிருந்தது. மலரின் வழவழத் தாள் எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. எழுதினவர்களிடமிருந்தும் அது ஒன்றும் வாங்கியிருக்கவில்லை. ஆடுகிற ஸ்டூலுக்கு அண்டை கொடுக்க இப்போது அது பயன்படுகிறது.

தாளுக்கு அடியில் கரப்பான். கீல் இடுக்கில் குடியிருக்கும் சின்ன ரகத்துக்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். 1767இல் லின்னேயஸ் வைத்தது. ஆனால் 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அது சுமார் 2100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து, மனிதரோடு குடிவந்தது என்கிறது. 2100 ஆண்டென்றால் சங்க காலம். வண்டு, தும்பி, மின்மினி என்று எல்லாப் பூச்சியையும் பார்த்த புலவர்கள் வீட்டுக்குள் ஓடிய இதை மட்டும் எப்படிப் பார்க்காமல் விட்டார்கள்? அவர்கள் யாரும் அடுப்படிப் பக்கம் போகவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கமில்லை. இன்னொன்று. 2004இல் தமிழைச் செம்மொழியாக அறிவித்தார்கள். அதன்பின் செம்மொழிக்குரிய தொன்மையை 1500 முதல் 2000 ஆண்டு என்று வரையறுத்தார்கள். வயதை மட்டும் பார்த்தால் கரப்பான் தாண்டிவிடுகிறது. அதற்கென ஓர் இருக்கை அமைத்தால் விண்ணப்பிக்க ஆள் இருக்கிறது.

நீக்கும் முறையில் இரண்டு பள்ளிகள். வெந்நீரில் சமையல் சோடா கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, கதவில் ஐந்து நிமிடம் ஒத்திவைத்துவிட்டுத் துடைப்பது ஒன்று. கம்பிநார் கூடாது, மைக்காவில் கீறல் விழும். தண்ணீரை ஊற்றவும் கூடாது, '710' முத்திரை குத்திய பிளைவுட்டாக இருந்தாலும் ஓரம் திறந்திருந்தால் உப்பிக்கொள்ளும். மற்றது அரப்புப் பள்ளி. தலையில் வைத்த எண்ணெயை எடுப்பது கதவில் ஒட்டிய எண்ணெயையும் எடுக்கும் என்பது அதன் கொள்கை. இதன் மூலநூல்: எதிர்வீட்டு அக்கா, 'காம்பவுண்டுச் சுவர் உரைகள்', மூன்றாம் தொகுதி, கரண்ட் போய்த் தறி நின்றபோது கேட்ட பகுதி மட்டும், மற்றவை தறிச் சத்தத்தில் சிதைந்துள்ளன, செல்லரித்த ஏட்டுக்குச் செய்வதுபோல் புள்ளியிட்டுக் காட்டுகிறேன். "அரப்ப நல்லாக் கரைச்சு . . . . . . அப்பறம் அவளுக்கு எதுக்கு அத்தன நகை . . . . . . காஞ்ச துணியில தொடச்சாப் போதும்." நடு வரி இடைச்செருகல் என்பார் உண்டு. அதுதான் மூலம் என்பது என் கருத்து.

கீல் கிரீச்சிட்டால் தறிக்குப் போடும் ஆயிலில் ஒரு சொட்டு. இதில் கருத்து வேறுபாடு இல்லாததால் ஆராய ஒன்றுமில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து, முடிவுரைக்காக ஒப்பீட்டுக் கதவை அளக்க ஸ்கேலோடு அடுப்படிக்குள் போனேன். மனைவி ஸ்டூலில் நின்றிருந்தார், கீழே அம்மா அரப்புக் கிண்ணத்தைப் பிடித்திருந்தார். ஆறு கதவும் பளபளத்தன. ஆராய்ச்சிக் கதவு எங்கே என்றேன். "எல்லாக் கதவும்தானுங்க இங்க இருக்குது, உங்களுது எதுன்னு சொல்லுங்க" என்றார் மனைவி. கீழே கிடந்த சீட்டை எடுத்து நினைவிருந்த கதவில் வைத்து அழுத்தினேன். விழுந்தது. இன்னொரு முறை அழுத்தினேன்.

"செல்லோடேப்பு மேல் கப்போர்டுல இருக்குதுடா" என்றார் அம்மா.