காட்டு பங்களா அன்பர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக வித்துராவை அடையும் பயணிக்கு, கல்லாறு கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் பொன்முடிக்கு ஏறும் சாலை ஒன்றும், காணித்தடம் சோதனைச் சாவடி வழியே போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் சாலை ஒன்றும் உண்டு. இவ்விரண்டிலும் விடுமுறை நாள்களில் தவறாமல் தென்படுபவர் காட்டு பங்களா அன்பர். நட்சத்திர விடுதியில் தங்க வசதியிருந்தும், அரசுத் துறையொன்றின் பழைய ஓட்டுக் கட்டடத்தில், கரண்டு வருவதும் போவதுமாக இருக்கும் அறையில்தான் தங்குவது என்று விரதம் பூண்டவரை இப்பெயரால் குறிக்கலாம்.

ஐ.பி. என்று சுருக்கமாக வழங்கும் இன்ஸ்பெக்‌ஷன் பங்களா, சுற்றுப்பயணம் வரும் அதிகாரி இரவு தங்கி மறுநாள் மரக்கணக்கோ பாலக்கணக்கோ பார்ப்பதற்காக ஏற்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில், குதிரையில் ஒரு பகலில் கடக்கக்கூடிய தொலைவுக்கு ஒன்றாகக் காடுகளில் இத்தகைய கட்டடங்கள் எழுந்தபோது, சமைக்க ஓர் ஆள், தண்ணீர் சுமக்க ஓர் ஆள், படுக்கை தூக்கிவர நாலு ஆள் என்று ஒரு பரிவாரமே துரைக்கு முன்னும் பின்னும் நடந்தது. அன்பரோ அந்தப் பரிவாரத்தை மறந்துவிட்டு, மிஞ்சியிருக்கும் ஒரு கட்டிலையும் ஒரு மேசையையும் பார்த்து, ‘அந்தக் காலத்துத் துரைமார் எவ்வளவு எளிமையாக வாழ்ந்திருக்கிறார்கள்!’ என்று உருகுவார்.

தாம் தங்கும் காடு எதுவானாலும் அதைத் தேசியப் பூங்கா என்றழைப்பது அவர் வழக்கம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்கா என்பது கால்நடை மேய்ச்சலுக்கு இடமே தராத பகுதி. சரணாலயம் என்பது மேய்ச்சல் முதலியவற்றை வரையறைக்கு உட்பட்டு அனுமதிக்கக்கூடிய பகுதி. வித்துராவை அடுத்து, கரமனை ஆற்றின் அணையைச் சூழ 53 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1983-இல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை, இந்த வரையறையில் சரணாலயமே. இதை எடுத்துச் சொல்வோரை, ‘அந்த வித்தியாசம் யானைக்குத் தெரியுமா சார்?’ என்ற ஒரே கேள்வியில் அன்பர் வாயடைத்துவிடுவார்.

மெய்யாகவே தேசியப் பூங்காவுக்குள் பழைய மாளிகையில் தங்க வேண்டுமானால் அவர் தேக்கடிக்குத்தான் போகவேண்டும். அங்குள்ள பெரியாறு காப்பகத்தின் மையப்பகுதி 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே திருவிதாங்கூர் மன்னரின் கோடைக்கால மாளிகையாக இருந்த எடப்பாளையம் லேக் பேலஸ், அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் விடுதியாக மாறியது. அங்கே ஒருமுறை தங்கிவிட்டவர், பிறகு எங்கே போனாலும் ‘லேக் பேலஸ் மாதிரி வருமா?’ என்பார், தங்க வாய்க்காதவர், ‘அதெல்லாம் ரொம்ப கமர்ஷியல்’ என்பார். உலக ஞானமும் உள்ளவராயின், அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் உருட்டுமரங்களைக் கொண்டு கட்டி 1904-இல் திறந்த ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன் என்னும் விடுதியைச் சான்று காட்டுவார். அந்த விடுதிக்குத் திறப்பு விழாவின்போதே மின்விளக்கும் நீராவிக் கணப்பும் வந்துவிட்டன என்ற செய்தியை மட்டும் விட்டுவிடுவார்.

எளிமையை நாடும் இப்பயணம் பெரும்பாலும் சிபாரிசில்தான் தொடங்குகிறது. அறை எளிதில் கிடைத்துவிட்டால் அன்பருக்கு அதில் சுவை இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் வழியாக, வனச்சரகத்தின் பொறுப்பு அலுவலராகிய ரேஞ்சரைப் பிடித்து, ‘யாருக்கும் தர்றதில்லை, நமக்காகத் திறந்துவிட்டாங்க’ என்று அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்ல முடிந்தால்தான் அது வனவாசம்.

வந்து இறங்கியதும் அவர் முதலில் தேடுவது, வராந்தாவில் கிடக்கும் நீண்ட கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலியை. தோட்டத் துரைமார் கைப்பிடிகளின் மேல் கால்களை நீட்டிப் போட்டுக்கொள்வதற்காக அமைந்த அந்த நாற்காலியில் அவரும் காலை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டபின், காவலும் சமையலும் பார்க்கும் வாட்சரை அழைப்பார்.

“சேட்டா, இந்தப் பழமை இருக்கு பாருங்க, அதை ஒண்ணுமே மாத்தக்கூடாது.”

“சரி சாரே.”

“சார்ஜர் போட பிளக் பாயின்ட் எங்கே?”

“அது ஆபீஸ் ரூம்ல ஒண்ணு இருக்கு சாரே. கரண்டு வந்தா வேலை செய்யும்.”

வெந்நீர் விறகடுப்பில் காய்கிறது என்று அறிந்ததும் அன்பர் அடைகிற பரவசம் பெரிது. அந்த நீரின் மணமே தனி என்று அவர் தம் மனைவியிடம் விளக்கும் நேரத்தில், ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த வாட்சர் மூன்றாவது வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். இரவு உணவில் கப்பை எனப்படும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் வரும்போது, ‘காட்டாற்று மீனுக்கு இணையில்லை’ என்று தீர்ப்பும் வந்துவிடும். அது கடல் மீனாகிய சாளை என்பதும், வித்துராச் சந்தையிலிருந்து பைக்கில் மலையேறி வந்தது என்பதும் வாட்சருக்குத் தெரியும். ஆனால் அவர் நல்ல மனிதர்.

இருட்டியபின் பேச்சு பேய்க்குத் தாவும். போனக்காட்டில் கைவிடப்பட்டுக் கிடக்கும் துரை பங்களாவில் ஒரு சிறுமியின் ஆவி உலவுவதாக நெடுங்காலமாக ஒரு கதை உலவுவதால், கூரையில் குரங்கு குதித்தாலும் அன்பர் அதை அந்தக் கணக்கில் எழுதிக்கொள்வார். வாட்சருடைய அச்சமெல்லாம் யானையைப் பற்றியது என்பதால், அந்தக் கதையில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

ஆனால் மெய்யான எளிமை அந்தப் போனக்காட்டுச் சாலையின் முடிவில் காத்திருக்கிறது. போனக்காட்டிலிருந்து ஒரு நாள் முழுதும் நடந்தால் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் அடிவார முகாமாகிய அதிருமலை வரும். தரையில் படுக்கை, கஞ்சியும் பயறும் உணவு, வழியெல்லாம் அட்டை. அந்தச் சிகரத்தின் மேலேயே 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வக இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் காந்தப்புல அளவீட்டுக்கு ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார் என்பதை அன்பர் மெச்சிப் பேசுவார். அங்கே போகலாமா என்று கேட்டால் மட்டும் முழங்கால் வலியை நினைவுகூர்வார்.

புறப்படும் காலையில் வருகைப் பதிவேட்டில் அவர் ஒரு பக்கம் எழுதுவார். முதல் பத்தி, இந்தப் பாரம்பரியத்தில் ஓர் ஓட்டைக்கூட மாற்றாமல் காக்கவேண்டும் என்று அரசை வேண்டும். இரண்டாம் பத்தி கீசர், கொசுவலை, மேல்நாட்டுக் கழிப்பறை, வைஃபை ஆகியவற்றைக் கேட்கும். பங்களாவின் பின்புறம் வாட்சர் குடும்பத்தோடு வாழும் வீடும் அதே ஆண்டில் கட்டியது, அதே ஓடு வேய்ந்தது, மழையில் அதைவிட நன்றாகவே ஒழுகுவது. எனினும் அதில் ஓர் இரவு தங்க அறை கேட்ட அன்பர் இதுவரை ஒருவரும் இல்லை.